குதித்ததை எழுதினீர்கள், கைதியாக இருந்ததையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் ஞாயிறு பதிப்பில் அந்தோணி டீன்-டிரம்மண்ட் என்ற பிரிட்டிஷ் பாராசூட் அதிகாரியைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் ஒருமுறையும் ஹாலந்தில் ஒருமுறையும் எதிரியிடம் பிடிபட்டு, இரண்டு முறையும் தப்பிவந்தவர் அவர். 1950களின் கடைசியில் மலாயாவில் இருந்த 22ஆம் எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படைக்குத் தலைமை ஏற்றதால் நம் நாட்டு வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. இப்படிப்பட்ட வாழ்க்கையைத் தமிழில் தந்ததற்கு முதலில் நன்றி.

ஆனால் அந்தப் பக்கத்தின் முக்கால் பாகம் விமானத்திலிருந்து குதிப்பதற்கே போய்விட்டது. சிறை வாழ்க்கைக்கு நான்கே வரி. 600 அடி உயரத்தில் குதிப்பவன் அரை நிமிடத்துக்குள் தரையைத் தொட்டுவிடுகிறான். பிடிபட்ட பிறகு மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் முள்வேலிக்குள் கிடக்கிறார்கள். அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள், எப்படி உயிரோடு இருந்தார்கள், யார் அவர்களைக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் அந்த வாழ்க்கையைச் சொன்னதாகாது. போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதைக்கு ஆட்களைப் பறிகொடுத்த நம் சமூகத்துக்கு இந்தக் கேள்விகள் மிக அவசியமானவை. அதனால்தான் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

குதிப்பைப் பற்றிய இரண்டு பிழைகளை முதலில் திருத்திவிடலாம். வீரர் நெஞ்சிலிருந்த பிடியை இழுத்துக் குடையை விரித்தார் என்று கட்டுரை சொல்கிறது. அன்றைய பிரிட்டிஷ் பாராசூட் வீரர் எதையும் இழுப்பதில்லை. முதுகுப் பையோடு சுமார் பன்னிரண்டரை அடி நீளமுள்ள பட்டை ஒன்று இணைந்திருக்கும். அதன் மறுமுனை விமானத்துக்குள் ஓடும் இரும்பு வடத்தில் மாட்டப்பட்டிருக்கும். ஆள் வெளியே விழுந்ததும் அவர் எடையே பட்டையை இழுத்துப் பையைத் திறந்துவிடும். பிரிட்டிஷ் எக்ஸ் வகைப் பாராசூட்டில் முதலில் கயிறுகள் முழு நீளத்துக்கு வெளிவரும். அதன்பிறகே 28 அடி விட்டமுள்ள குடை காற்றைப் பிடிக்கும். அதனால் உடம்பில் விழும் உலுக்கல் குறைவு. அமெரிக்கரின் டி-5 வகையில் குடை முதலில் விரிந்து, கயிறு பிறகு இறுகும். தோளும் தொடை இடுக்கும் கன்றிப்போகும் அளவுக்கு அது உலுக்கும்.

முதல் குடை விரியாததால் மாற்றுக் குடையைத் திறந்தார் என்பது இரண்டாவது பிழை. போர்க்காலப் பிரிட்டிஷ் வீரரிடம் மாற்றுக் குடையே கிடையாது. அமெரிக்கர் வயிற்றுப் பக்கம் ஒன்று கட்டியிருந்தார்கள். ஐந்நூறு, அறுநூறு அடியில் குதிப்பவனுக்கு முதல் குடை விரியவில்லை என்று புரிந்து இரண்டாவதைத் திறக்க நேரம் இருக்காது என்பதுதான் பிரிட்டிஷ் தரப்பு சொன்ன காரணம். ஆனால் கழற்றும் வசதியில் பிரிட்டிஷ் குடையே மேல். நெஞ்சில் வட்டமான உலோகப் பூட்டு ஒன்று இருக்கும். அதைத் திருகி ஓங்கி அடித்தால் எல்லா வார்களும் ஒரே நேரத்தில் கழன்றுவிடும். டி-5இல் மூன்று கொக்கிகளைத் தனித்தனியாக விடுவிக்கவேண்டும். தண்ணீரிலோ துப்பாக்கிச் சூட்டிலோ இறங்கியவர்களுக்கு அந்தச் சில விநாடி தாமதமே எமனாயிற்று.

டீன்-டிரம்மண்ட் 1941இல் குதித்தது விட்லி குண்டுவீச்சு விமானத்திலிருந்து. அதில் பக்கவாட்டுக் கதவு வழியே குதிக்க முடியாது. தரையில் வெட்டிய வட்ட ஓட்டை வழியாகத்தான் இறங்கவேண்டும். ஓட்டை விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை விறைப்பாக வைத்து நேராக நழுவவேண்டும். அதிகமாக உந்தினால் எதிர் விளிம்பில் முகம் மோதும். போதாமல் உந்தினால் முதுகுப் பை பின்விளிம்பில் இடித்து, அப்போதும் முகமே முன்னால் போய் மோதும். மூக்கும் பல்லும் உடைந்தவர் பலர். பிறகு டகோட்டா விமானங்கள் வந்து, இடப்பக்கக் கதவு வழியாக இருபது பேர் ஒருவர்பின் ஒருவராக வெளியேறும் முறை வந்தது. மான்செஸ்டருக்கு அருகே ரிங்வேயில் நடந்த பயிற்சியில் பலூனிலிருந்து குதிப்பதற்கே பலரும் அதிகம் பயந்தார்கள். பலூனில் விமான எஞ்சினின் காற்று கிடையாது. குடை விரியும்முன் நூறடிக்கும் மேல் நேரே விழவேண்டும். காலும் முழங்காலும் ஒட்டி, மோவாயை நெஞ்சில் அழுத்தி, பக்கவாட்டில் உருண்டு விழுவதற்கே நாள்கணக்கில் பழக்கினார்கள். காலை அகட்டினால் கணுக்கால் முறியும்.

இங்கே ஒரு தமிழ்ப் பெயரையும் சொல்லியாகவேண்டும். இந்தியாவில் 1941இல் 50ஆம் பாராசூட் படையணி உருவானபோது, அதன் 152ஆம் பட்டாலியனின் மருத்துவ அதிகாரி ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும்தான் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள். ரங்கராஜ் பிறகு கொரியப் போரில் 60ஆம் பாராசூட் கள மருத்துவப் பிரிவின் தலைவராக 1951 மார்ச்சில் முன்சான்-னியில் அமெரிக்கரோடு சேர்ந்து குதித்தார். மகாவீர் சக்ரா விருதும் பெற்றார். அவரைப் பற்றியும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அடுத்து, பிடிபடுவதை வீரத்தில் விழுந்த கறைபோல் அந்தக் கட்டுரை காட்டியிருப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பாராசூட் படையை அமைத்த விதத்திலேயே பிடிபடும் ஆபத்து கலந்திருக்கிறது. எதிரி எல்லைக்குள் நடுவில் இறங்கும் ஆளிடம் தன் முதுகிலும் கால்பையிலும் கொண்டுவந்தது மட்டுமே இருக்கும். 48 மணி நேரத்துக்கான உணவு, ரைஃபிளோ ஸ்டென் துப்பாக்கியோ, சில கையெறிகுண்டு, சிலரிடம் நூறு கஜத்துக்குள் மட்டும் பயன்படும் பியாட் என்ற டாங்கி எதிர்ப்பு ஆயுதம். பீரங்கியும் வாகனமும் மிகக் குறைவு. குறித்த நேரத்துக்குள் தரைப்படை வந்து சேராவிட்டால் குண்டு தீரும், தண்ணீர் தீரும், காயத்துக்குக் கட்டும் துணியும் தீரும். பின்வாங்குவதற்குப் பாதையும் இருக்காது.

பிரிட்டனின் முதல் பாராசூட் தாக்குதலே இதற்குச் சாட்சி. 1941 பிப்ரவரி 10ஆம் தேதி இரவு, தென் இத்தாலியின் டிராஜினோ நீர்ப்பாலத்தைத் தகர்க்க 35 பேர் அளவில் மால்டாவிலிருந்து பறந்தார்கள். டீன்-டிரம்மண்டும் அதில் ஒருவர். சில விமானங்களில் பெட்டிகளை விடுவிக்கும் கருவி பனியால் இறுகிப்போனதால் வெடிமருந்து வந்து சேரவில்லை. ஒரு டன்னுக்குத் திட்டமிட்டார்கள். கையில் கிடைத்தது சுமார் 800 பவுண்டு. செங்கல் தூண் என்று எதிர்பார்த்தது கான்கிரீட்டாக இருந்தது. அதனால் இருந்த மருந்தையெல்லாம் ஒரே தூணில் வைத்து வெடித்தார்கள். டீன்-டிரம்மண்டின் குழு பக்கத்திலிருந்த சிறு பாலம் ஒன்றைத் தகர்த்தது. நீர்ப்பாலத்தைச் சில நாளிலேயே இத்தாலியர் சீர்செய்துவிட்டார்கள்.

வேலை முடிந்ததும் ஐம்பது மைல் மலைப்பாதையில் இரவில் மட்டும் நடந்து, சேலே ஆற்றின் முகத்துவாரத்தில் காத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறவேண்டும் என்பது திட்டம். வழியில் கிராமத்தார் சூழ்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் பெண்களும் குழந்தைகளும் நின்றார்கள். தலைமை அதிகாரி மேஜர் பிரிச்சர்டு அவர்கள்மேல் சுட மறுத்து ஆயுதத்தைக் கீழே வைத்தார். மற்றக் குழுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக அகப்பட்டன. அவர்கள் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும் கப்பல் வந்திருக்காது. எஞ்சின் பழுதான ஒரு விட்லி விமானம், அதே முகத்துவாரத்தில் இறங்கப்போவதாகத் தற்செயலாக வானொலியில் அறிவித்துவிட்டது. எதிரி கேட்டிருப்பான் என்று அஞ்சிக் கப்பலின் பயணத்தையே நிறுத்திவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு இவர்களைத் தோற்றவர் என்று எழுத யாருக்கு மனம் வரும்? அந்தக் குழுவில் மொழிபெயர்ப்பாளராகப் போன இத்தாலியர் ஃபோர்ச்சுனாட்டோ பிக்கியை மட்டும் தேசத்துரோகி என்று இத்தாலிய அரசு சுட்டுக் கொன்றது.

டீன்-டிரம்மண்ட் 1942 ஜூனில் ஃபுளோரன்ஸ் ராணுவ மருத்துவமனையின் ஜன்னல் வழியே வெளியேறி, உயரத்தில் இருந்த குறுகிய சுவர் விளிம்பில் நகர்ந்து தப்பினார். ரயிலேறி எல்லைப் பக்கம் போய், நடந்து சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து, அங்கிருந்து பிரான்ஸ் வழியாக ஜிப்ரால்டர் சேர்ந்தார்.

ஹாலந்திலுள்ள ஆர்ன்ஹெம் இன்னும் பெரிய கதை. 1944 செப்டம்பர் 17ஆம் தேதி பிரிட்டனின் 1ஆம் வான்வழிப் பிரிவு ரைன் ஆற்றுப் பாலத்தைப் பிடிக்க இறங்கியது. போதிய விமானம் இல்லாததால் படை முழுவதையும் ஒரே நாளில் இறக்க முடியவில்லை. மூன்று நாளாகப் பிரித்தார்கள். இறங்கிய புல்வெளிகளோ பாலத்துக்கு மேற்கே ஆறு முதல் எட்டு மைல் தள்ளி இருந்தன. முதல் நாள் வந்தவர்களில் ஒரு பகுதி அடுத்து வருபவர்களுக்காகப் புல்வெளியைக் காத்து நிற்கவேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்திலேயே ஜெர்மனியின் 9ஆம், 10ஆம் எஸ்.எஸ். கவசப் பிரிவுகள் இளைப்பாறிக்கொண்டிருந்தன. வானொலிக் கருவிகளும் கைகொடுக்கவில்லை. 68ஆம் எண் செட்டுக்குத் திறந்தவெளியிலேயே மூன்று மைல் அளவுதான் எட்டும். மரமும் வீடும் மறைத்தால் அதுவும் இல்லை. டீன்-டிரம்மண்ட் அந்தப் பிரிவின் தகவல் தொடர்புப் படையில் இரண்டாம் நிலை அதிகாரி. அலைவரிசை மாற்றத்தை நேரில் சொல்லத்தான் அவர் முன்வரிசைக்குப் போனார். போன இடத்தில் துண்டிக்கப்பட்டார். ஜெர்மானியர் புகுந்த வீட்டிலேயே ஒளிந்திருந்து, ரைன் ஆற்றை நீந்திக் கடந்து, கரையேறியதும் இருட்டில் ஜெர்மானியரின் பதுங்குகுழிக்குள்ளேயே விழுந்து அகப்பட்டார்.

பாலத்தின் வடமுனையை ஜான் ஃபிராஸ்டின் தலைமையில் எழுநூறு பேருக்குச் சற்று மேற்பட்டவர்கள் 21ஆம் தேதி காலைவரை பிடித்து வைத்திருந்தார்கள். இரண்டு நாளில் வரவேண்டிய தரைப்படை வரவே இல்லை. நிலவறைகளில் இருநூறுக்கும் மேற்பட்ட காயக்காரர்கள். மேலே வீடு தீப்பற்றி எரிகிறது. சிறு போர்நிறுத்தம் செய்து அவர்களை ஜெர்மானியரிடம் ஒப்படைத்த பிறகும் மீதிப் பேர் குண்டு தீரும்வரை சுட்டார்கள். ஆற்றின் வடகரையில் போரிட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரில் 25ஆம் தேதி இரவு திரும்பிவந்தவர் சுமார் 2,400 பேர். ஏறக்குறைய 1,500 பேர் மாண்டார்கள். ஆறாயிரத்துக்கும் அதிகமானோர் கைதிகள். காயக்காரரை விட்டுப் போகமாட்டோம் என்று தெரிந்தே பின்தங்கிப் பிடிபட்ட மருத்துவர்களும் உதவியாளர்களும் இந்தக் கணக்கில் அடக்கம். அவர்களைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது எங்களுக்கு வருத்தம்.

பிடிபட்டவருக்கு முதலில் சோதனை. பாராசூட் வீரரிடம் பட்டுத்துணியில் அச்சடித்த வரைபடம், பொத்தான் அளவுத் திசைகாட்டி, சிறு ரம்பத் தகடு எல்லாம் உடுப்பில் தைத்து ஒளித்து வைத்திருக்கும். பிறகு விசாரணை. 1929 ஜெனீவா உடன்படிக்கைப்படி கைதி சொல்லவேண்டியது பெயரும் பதவியும், அல்லது படை எண். வேறெதையும் சொல்லத் தேவையில்லை. அடுத்து சரக்கு ரயில். நாற்பது ஆள் அல்லது எட்டுக் குதிரை என்று எழுதிய பெட்டியில் அதற்குமேலும் ஆட்களை அடைத்து நாள்கணக்கில் கொண்டுபோவார்கள். தண்ணீர் எப்போதாவது, மலம் கழிக்க ஒரு வாளி. கூரையில் அடையாளம் இல்லாததால் தங்கள் சொந்தத் தரப்பு விமானங்களே சுட்ட சம்பவங்களும் உண்டு.

முகாமில் கைதிக்கு ஓர் உலோகத் தகடு தருவார்கள். நடுவில் வரிசையாகத் துளையிட்டிருக்கும். இரண்டு பாதியிலும் முகாமின் பெயரும் கைதி எண்ணும் பொறித்திருக்கும். ஆள் இறந்தால் துளையோடு ஒடித்து ஒரு பாதியை உடலோடு விட்டு, மறுபாதியைப் பதிவுக்கு அனுப்புவார்கள். வந்து ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை எழுத அனுமதிக்கவேண்டும் என்பது விதி. விவரம் ஜெனீவாவிலுள்ள செஞ்சிலுவைச் சங்க மையத்துக்கும் போகும். அதுவரை வீட்டில் இருப்பவர்களிடம் காணாமற்போனார் என்ற தந்தி மட்டும்தான் இருக்கும். இந்தத் தகடும் அட்டையும் வெறும் காகித வேலை என்று நினைக்கவேண்டாம். பதிவாகிவிட்ட கைதியைச் சத்தமில்லாமல் கொல்வது கடினம். 1942 அக்டோபரில் ஹிட்லர் பிறப்பித்த ரகசிய ஆணை, எல்லைக்குள் ஊடுருவும் அதிரடிப் படையினரைச் சீருடையில் பிடித்தாலும் கொல்லச் சொன்னது. 1944 ஜூலையில் பிரான்சில் பாராசூட்டில் இறங்கிய எஸ்.ஏ.எஸ். வீரர் சுமார் முப்பது பேரை எந்த முகாம் பட்டியலிலும் சேர்க்காமல் காட்டில் வைத்துச் சுட்டார்கள்.

அதிகாரிகள் ஓஃப்லாக் என்ற முகாம்களுக்கும் மற்றவர்கள் ஸ்டாலாக் என்ற முகாம்களுக்கும் போனார்கள். சாதாரணச் சிப்பாயைச் சுரங்கத்திலும் ஆலையிலும் ரயில் பாதையிலும் வேலை வாங்கலாம். கார்ப்பரல், சார்ஜண்ட் போன்ற பதவியில் உள்ளவரை மேற்பார்வை தவிர வேறு வேலைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆர்ன்ஹெம் கைதிகளில் பலர் லிம்பர்க் வழியாகவும் நேரடியாகவும் ஃபாலிங்போஸ்டல் ஊரின் ஸ்டாலாக் 11பி முகாமுக்கு வந்தார்கள்.

உணவு: விடிந்ததும் மூலிகைத் தேநீர் அல்லது வறுத்த தானியத்தில் போட்ட கறுப்புத் தண்ணீர். மதியம் டர்னிப் கிழங்கு வேகவைத்த நீர்த்த சூப், சில உருளைக்கிழங்கு. மாலையில் ஒரு கறுப்பு ரொட்டியை ஐந்து முதல் பத்துப் பேர் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். வெட்டுகிறவனுக்குக் கடைசித் துண்டு என்பது பல அறைகளில் வழக்கம். அப்போதுதான் சமமாக வெட்டுவான். இந்த உணவில் மட்டும் ஓர் ஆள் மெல்ல மெல்லத் தேய்ந்துபோவான். உயிரைப் பிடித்து வைத்தது செஞ்சிலுவைப் பொட்டலம்தான். ஒன்று சுமார் 11 பவுண்டு எடை. ஆளுக்கு வாரம் ஒன்று என்பது கணக்கு. கனடாவிலிருந்து வந்ததில் ஒரு பவுண்டு கிளிம் பால்மாவு, ஒரு பவுண்டு வெண்ணெய், 12 அவுன்ஸ் பதப்படுத்திய மாட்டிறைச்சி, மீன் டின், பிஸ்கட், ஜாம், சர்க்கரை, உலர்ந்த பழம், சாக்லேட், தேயிலை அல்லது காப்பித்தூள், சோப்பு இருக்கும். தப்பி ஓடச் சேமிக்காமல் இருக்க, காவலர்கள் டின்களில் ஓட்டை போட்டுக் கொடுப்பதும் உண்டு. அப்படிப்பட்டதை உடனே தின்று தீர்க்கவேண்டும். 1944 இறுதியில் நேசநாட்டு விமானங்கள் ஜெர்மன் ரயில் பாதைகளை நொறுக்கியபோது பொட்டலங்களும் வராமற்போயின. ஆர்ன்ஹெம் கைதிகளின் துர்ப்பாக்கியம், அவர்கள் முகாமுக்கு வந்து சேர்ந்த காலமே அதுதான்.

கிளிம் டின் நம் வீடுகளுக்கும் பழக்கமானது. முகாமில் அதுதான் தகரக் கிடங்கு. டின்னைப் பிரித்துத் தட்டி நேராக்கி, குவளை, சட்டி, விளக்கு எல்லாம் செய்தார்கள். அவற்றில் சிறந்தது கையால் சுற்றும் ஊதுலை அடுப்பு. கட்டில் பலகை ஒன்றின் ஒரு முனையில் கைப்பிடியுள்ள பெரிய மரச் சக்கரம். நடுவில் தகர உருளைக்குள் விசிறி. விசிறி அச்சில் சிறு சக்கரம். இரண்டையும் பூட்ஸ் கயிறு இணைக்கும். பெரிய சக்கரத்தை மெதுவாகச் சுற்றினாலே விசிறி வேகமாகச் சுழலும். காற்று தகரக் குழாய் வழியாக மறுமுனையில் அடியில் துளையிட்ட டின்னுக்குள் போகும். அதில் ஒரு கைப்பிடிச் சிராய் போட்டால் சில நிமிடத்தில் ஒரு டின் தண்ணீர் கொதிக்கும். நெருப்புப் பக்கத்து இணைப்பை ஈயத்தால் ஒட்டினால் உருகி விழும். அதனால் தகரத்தின் இரு விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்துத் தட்டுவார்கள். கயிறு நனைந்தால் வழுக்கும். விறகு இல்லாத முகாமில் கொதித்த நீர் என்பது வயிற்றுப்போக்கிலிருந்து பாதுகாப்பு. அதனால்தான் இந்தக் கருவியைப் பற்றி இவ்வளவு சொல்கிறோம்.

ஸ்டாலாக் 11பியில் நடந்த இன்னொன்று, படித்த நாள் முதல் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. 3ஆம் பாராசூட் பட்டாலியனின் சார்ஜண்ட் மேஜர் ஜான் லார்டு அங்கே வந்தபோது முகாம் நெரிசலிலும் அழுக்கிலும் சோர்விலும் கிடந்தது. அவர் தினமும் அணிவகுப்பை நடத்தினார். சவரம், உடற்பயிற்சி, பாய் சுத்தம் எல்லாம் கட்டாயம். இறந்தவரை மரியாதை அணிவகுப்போடுதான் அடக்கம் செய்யவேண்டும் என்று வலியுறுத்தி நடத்திக்காட்டினார். பசித்தவனைச் சவரம் செய்யச் சொல்வது கொடுமை என்று தோன்றலாம். எழுந்து நிற்காமல் பாயிலேயே கிடப்பவன்தான் முதலில் சாகிறான் என்பதை அவர் அறிந்திருந்தார். 1945 ஏப்ரல் 16ஆம் தேதி பிரிட்டிஷ் டாங்கிகள் வாயிலுக்கு வந்தபோது, தேய்த்துப் பளபளத்த பூட்ஸோடு கைதிகளே காவல் நின்று வரவேற்றார்கள்.

டீன்-டிரம்மண்ட் அந்த முகாம்வரை போகவில்லை. ஆர்ன்ஹெம் அருகே வெல்ப் என்ற ஊரில் கைதிகளை வைத்திருந்த வீட்டில், சுவரோடு சுவராக இருந்த அலமாரிக்குள் புகுந்து உட்புறம் பூட்டிக்கொண்டார். அகலம் நான்கடி, ஆழம் ஓரடி. உட்கார முடியாது. ஒரு குப்பி தண்ணீர், பாதி ரொட்டி, கொஞ்சம் பன்றிக் கொழுப்பு. வெளியே அதே அறையில் ஜெர்மானியர் கைதிகளை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். 13 நாள் நின்றே கழித்து, ஆள் நடமாட்டம் குறைந்த இரவில் ஜன்னல் வழியே இறங்கினார். டச்சுக் குடும்பங்கள் அடைக்கலம் தந்தன. அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்டோரோடு ஆற்றைக் கடந்தார். அடைக்கலம் கொடுத்த அந்தக் குடும்பங்கள் பிடிபட்டிருந்தால் அவர்களுக்குக் கைதி முகாம் கிடையாது, மரணம்தான்.

இனி நம் பக்கம் வருகிறோம். ஜப்பானியப் பாராசூட் படை 1942 பிப்ரவரி 14ஆம் தேதி சுமத்ராவின் பலெம்பாங்கில் குதித்தபோது அதன் விமானங்கள் கிளம்பியது ஜொகூரின் குளுவாங், காஹாங் ஓடுதளங்களிலிருந்து. அதே மாதங்களில் கோலாலம்பூர் புடு சிறையில், சிலிம் ரிவர் சண்டையிலும் அதன்பிறகும் பிடிபட்ட நூற்றுக்கணக்கான வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் பலர் பிறகு சயாமுக்குப் போனார்கள். 1929 உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. செஞ்சிலுவைப் பொட்டலம் இங்கே வந்தது மிகமிகக் குறைவு.

சயாம், பர்மாவை இணைக்க 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த நேசநாட்டுக் கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல். இறந்தவர் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல், அதாவது ஐந்தில் ஒருவர். அதே பாதையில் மலாயா, பர்மா, ஜாவா, சயாம் நாடுகளிலிருந்து போன ஆசியத் தொழிலாளர் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு; இறந்தவர் தொண்ணூறாயிரம்வரை என்று கணக்கிடுகிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். ஒரே காடு, ஒரே மழை, ஒரே காலரா. சாவுக் கணக்கில் ஏன் இத்தனை வித்தியாசம்? கைதிகளோடு அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள். மலக்குழியைக் குடிநீரிலிருந்து தள்ளி வெட்டவும், கொதித்த நீரில் பாத்திரத்தை முக்கியெடுத்த பிறகே சோறு வாங்கவும் கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். காலரா வந்தவரைத் தனியே பிரித்தார்கள். நம் மக்களைக் குடும்பத்தோடும் தனியாகவும் ரயிலேற்றிக் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். 1943 ஜூனில் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து கே படை என்ற பெயரில் 230 பேர் கொண்ட மருத்துவக் கைதிகள் குழுவைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் காலரா முகாம் முகாமாகப் பரவியிருந்தது.

கைதிகள் பட்டியலில் இருந்தார்கள். இறந்தவரின் பெயரை அதிகாரிகள் ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். அதனால் இன்று காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசாயாட்டிலும் உள்ள போர்க் கல்லறைகளில் கல்லில் பெயர் இருக்கிறது. தோட்டத்திலிருந்து போன ராமசாமிக்கும் முனியம்மாவுக்கும் அப்படி ஒரு தகடும் இல்லை, அட்டையும் இல்லை. இதைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு கொதிக்கத்தான் செய்யும்.

எனவே தங்களிடம் வேண்டுவது இது. போர் வீரர்களைப் பற்றி எழுதும்போது முகாமின் பெயர், கைதி எண், பிடிபட்ட நாள், விடுதலையான நாள் ஆகியவற்றையும் கேட்டு வெளியிடுங்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து இறந்தவரைத் தேடும் குடும்பங்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவு இலவசம் என்பதைச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயரை அன்றைய எழுத்தர்கள் பலவிதமாக எழுதியிருப்பார்கள். பெயரில் கிடைக்காவிட்டால் படைப்பிரிவும் இறந்த ஆண்டும் கொடுத்துத் தேடவேண்டும். தைப்பிங் போர்க் கல்லறையில் பாதிக்கு மேற்பட்டவை பெயர் தெரியாதவை என்பதால், கல்லறை இல்லாதவர் பெயரைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரிலும் பார்க்கவேண்டும். வீட்டில் பழைய அஞ்சலட்டையோ தகடோ இருந்தால் லேமினேட் செய்யவேண்டாம். சூடு பட்டால் காகிதமும் மையும் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. தகட்டைப் புளி போட்டு விளக்கவும் வேண்டாம், எழுத்து தேய்ந்துபோகும். இரண்டு பக்கமும் படம் எடுத்து, மூலத்தை உலர்ந்த காகித உறையில் வைத்தால் போதும்.

சயாமுக்குப் போனவர்களுக்காகத் தங்கள் நாளிதழில் வாரம் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். கேட்கவேண்டிய விவரங்கள்: பெயர், தகப்பன் பெயர், தோட்டமும் அதன் பிரிவும், கொண்டுபோன ஆண்டும் மாதமும், எந்த ரயில் நிலையத்தில் ஏற்றினார்கள், கூடப் போனவர் யார், திரும்பிவந்தாரா, திரும்பியவர் சொன்ன முகாமின் பெயர் அல்லது கிலோமீட்டர் எண், இதைச் சொல்பவர் அவருக்கு என்ன உறவு. தெரியாததை வெற்றிடமாக விடச் சொல்லுங்கள், ஊகித்து நிரப்பவேண்டாம். வரும் படிவங்களை எழுத்துக்கூட்டிச் சரிபார்க்கவும், ஒரே ஆளைப் பற்றி இரண்டு குடும்பம் எழுதியிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் நாங்கள் முன்வருகிறோம்.

இப்படிக்கு,
போர்க்கால வரலாற்றைப் படித்துவரும் வாசகர்கள் சிலர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.